புயலுக்கு மறுநாள் நம்பக்கூடிய மரம் அறுக்கும் இயந்திரம்: திருவான்மியூர்க் குடியிருப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், எழுபதுகளில் மனை பிரிக்கப்பட்ட குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அதன் நலச் சங்கம் 2017-இன் தொடக்கத்தில் வாங்கிய மரம் அறுக்கும் இயந்திரம் மிகவும் தேவைப்பட்ட நாளில் ஏன் கைவிட்டது, அதற்கு மாற்றாக 2024-இல் இன்னொன்றை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், அது இன்றுவரை எப்படி உழைக்கிறது என்பவற்றைப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பணிமனைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பழைய இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் வேலையும் புதியதற்கு ஆலோசனை சொல்லும் வேலையும் என்னிடம் வந்தன. சங்கத்தின் பெயரும் பழைய இயந்திரத்தை விற்றவர்களின் பெயரும் ஆய்வுக்குத் தேவையில்லை என்பதால் விட்டிருக்கிறேன்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மயில்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகியவை அவற்றில் மிகுதி. விரைவாக வளர்ந்து நிழல் தரும் என்பதற்காகச் சாலையோரம் நடப்பட்ட இம்மரங்களின் கிளைகள் எளிதில் முறிபவை. வேர்களோ நடைபாதைக் கான்கிரீட்டுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நடுவே பரவ இடமின்றி ஒடுங்கியவை. மாநகராட்சி ஆட்கள் பெரிய சாலைகளை முடித்துவிட்டு உட்தெருக்களுக்கு வருவதற்கு நாளாயிற்று. அடுத்த புயலுக்கு நம் கையிலேயே ஒரு இயந்திரம் இருக்கட்டும் என்று சங்கம் தீர்மானித்தது அந்த அனுபவத்தில்தான். இணையவழியில் வாங்கிய அந்தப் பெட்ரோல் இயந்திரத்தின் பெட்டியில் 58 சிசி, 22 அங்குல பார், ஓராண்டு உத்தரவாதம் என்று அச்சிட்டிருந்தார்கள். பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு. முன்னணி நிறுவனங்களின் விலையில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வாங்கிய புதிதில் வர்தா விட்டுச்சென்ற அடிமரங்களை நன்றாகவே அறுத்தது. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பட்ட கிளைகளைக் கழிப்பதற்கு மட்டும் வெளியே வந்தது. மற்ற நாள்களில் மோட்டார் அறையின் மூலையில், தொட்டியில் பாதிப் பெட்ரோலோடு கிடந்தது.

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின் மழையில் ஒரு புங்கமரமும் இயல்வாகையின் பெருங்கிளை ஒன்றும் விழுந்து, உட்தெருவுக்கான ஒரே வழி அடைபட்டது. மழை விட்டதும் மோட்டார் போடுபவர் இயந்திரத்தை எடுத்து வந்து கயிற்றை இழுத்தார், பற்றவில்லை. பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு ஒருவருடைய ஸ்கூட்டரிலிருந்து புதுப் பெட்ரோல் எடுத்து ஊற்றினார்கள். இந்த முறை சோக்கைப் பாதி இழுத்து வைத்தபடி பற்றியது. ஒரு கிளையை முழுதாகவும் அடுத்ததைப் பாதியும் அறுத்த பிறகு சத்தம் கீச்சென்று ஏறி, இயந்திரம் சட்டென்று நின்றது. அதன்பின் கயிறு இழுபடவே இல்லை. அன்று அந்தத் தெருவைத் திறந்தது அரிவாளும் கை ரம்பமும்தான், மாலையாகிவிட்டது.

பழைய இயந்திரத்தைப் பிரித்தபோது

சைலன்சரைக் கழற்றினால் புகை வெளியேறும் வாய் வழியாக பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்க்கலாம். டார்ச் அடித்துப் பார்த்ததில், மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடி, பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடிய இரு ஸ்ட்ரோக் என்ஜினின் அடையாளம் இது. கார் என்ஜினைப் போல இதற்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் தாங்கிகளுக்கும் மசகு. இப்போதைய ஸ்கூட்டர்கள் நான்கு ஸ்ட்ரோக் என்பதால் அவற்றின் தொட்டியில் இருப்பது வெறும் பெட்ரோல். அவசரத்தில் அதை ஊற்றியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் எண்ணெய் கலக்க வேண்டும் என்ற எச்சரிக்கை தொட்டி மூடியில் ஒரு சிறு படமாக மட்டுமே இருந்தது, அதுவும் தேய்ந்திருந்தது.

ஆனால் வெறும் பெட்ரோல் கடைசிக் காரணம் மட்டுமே. முதலில் ஏன் பற்றவில்லை என்ற கேள்விக்கு விடை கார்புரேட்டருக்குள் இருந்தது. அதன் டயஃப்ரம், அதாவது பெட்ரோலை உறிஞ்சித் தரும் மெல்லிய சவ்வு, விரலால் அழுத்தினால் வளைய வேண்டியது. இங்கே அது தகடு போல விறைத்துப்போயிருந்தது. தொட்டிக்குள் போகும் ரப்பர் குழாய் தொட்ட இடத்தில் பிசுபிசுத்து, வளைத்த இடத்தில் விரிந்தது. அந்த விரிசல் வழியே காற்றையும் சேர்த்து உறிஞ்சியதால், ஓடிய சில நிமிடங்களும் என்ஜின் தேவையான அளவு பெட்ரோல் இல்லாமல் கூடுதல் சூட்டில் ஓடியிருக்கிறது.

ரப்பர் இப்படிக் கெட்டதில் நம் பெட்ரோலுக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது. இப்போது நாடெங்கும் 20 சதவீதம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் நீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். கடலோரக் காற்றில், பாதி நிரம்பிய தொட்டியில், மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோலுக்கு இது நேராமல் இருந்தால்தான் வியப்பு. சிறு என்ஜின் தயாரிப்பாளர்கள் பலரின் கையேடுகள் 10 சதவீத எத்தனால் வரை மட்டுமே ஏற்கின்றன என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். அன்றாடம் ஓடும் இருசக்கர வாகனத்தில் பெட்ரோல் தேங்குவதில்லை, ஆகவே அதில் இந்தத் தொல்லை வெளியே தெரிவதில்லை. ஆண்டில் சில மணி நேரம் மட்டுமே ஓடும் இயந்திரத்துக்கு அதுவே முதல் எதிரி.

சிலிண்டரைக் கழற்றியதால் வெர்னியர் வைத்து அளக்கவும் முடிந்தது. குறுக்களவு 45 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 34 மி.மீ. கணக்கிட்டால் 54 சிசி வருகிறது. பெட்டியில் 58. நான்கு சிசி குறைந்ததால் மரம் அறுபடாமல் போய்விடவில்லை. ஆனால் அளந்தால் தெரிந்துவிடும் ஒன்றிலேயே இப்படி என்றால், அளக்க முடியாத உலோகத் தரத்திலும் ரப்பர் தரத்திலும் என்ன செய்திருப்பார்கள் என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்துக்கு ஆதாரமும் கிடைத்தது. செயினுக்கு எண்ணெய் விடும் பம்பைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உருகி வழவழத்திருந்தது. எண்ணெய் இன்றி ஓடியதில் பாரின் விளிம்புகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் அதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்தோம். விற்ற நிறுவனத்தின் தொலைபேசி எண் புழக்கத்தில் இல்லை. பார்ப்பதற்கு அச்சாக இதே போன்ற கார்புரேட்டர்கள் பல கிடைத்தன. துளைகளின் இடைவெளி எதிலும் முழுதாகப் பொருந்தவில்லை. என் முடிவு இதுதான்: அந்த இயந்திரம் அறுத்த மரத்தைக் கணக்கிட்டால் கொடுத்த பணத்துக்கு மோசமில்லை. தினமும் மரம் அறுத்து, கெட்டதைத் தானே பிரித்து மாட்டத் தெரிந்த ஒருவருக்கு அது போதுமானதாகவே இருந்திருக்கலாம். நலச் சங்கத்தின் நிலைமை அப்படியில்லை. பதினொரு மாதம் சும்மா கிடந்துவிட்டு ஓர் ஈரமான காலையில் பற்ற வேண்டும். பற்றாவிட்டால் அன்றைக்கோ மறுநாளோ சென்னைக்குள்ளேயே அதன் பாகம் கிடைக்க வேண்டும். நம்பகம் என்ற சொல்லுக்கு இந்த ஆய்வில் அதுவே பொருள்.

அறுக்க வேண்டியது எது

புதியதை வாங்கக் கூடிய கூட்டத்தில் பெரும்பாலோர் கேட்டது இன்னும் பெரிய என்ஜின். பழையது நின்றுபோனதற்கு வலுவின்மை காரணமில்லை என்பதை விளக்கவே நேரம் பிடித்தது. அதன்பின் மிக்ஜாமின்போது தெருவில் விழுந்தவற்றின் வெட்டுத் துண்டுகளை நினைவுபடுத்திக் கணக்கெடுத்தோம். வழியை அடைத்தவற்றில் பெரும்பாலானவை பத்து அங்குலத்துக்குள் அடங்கும் கிளைகள். அடி மரம் இரண்டடிக்கு மேல் பருத்தவை எப்படியும் மாநகராட்சியின் இயந்திரங்களும் கிரேனும் வந்தால்தான் நகரும். துண்டு போட்டாலும் தூக்கிப்போட இடமில்லை. ஆகச் சங்கத்தின் வேலை, ஆம்புலன்ஸும் தண்ணீர் லாரியும் நுழையும் அகலத்துக்கு வழியைத் திறப்பது. இந்த வரையறை உறுதியானதும் என்ஜின் அளவைப் பற்றிய வாதம் பாதி அடங்கிவிட்டது.

மரத்தின் தன்மையும் பார்க்க வேண்டியது. மயில்கொன்றையும் இயல்வாகையும் எளிதில் அறுபடும். வேம்பும் புங்கமும் நடுத்தரம். முற்றிய சவுக்கும் புளியும் செயினைச் சோதிப்பவை. தென்னையின் கதையே வேறு. உள்ளே மென்மையாக இருந்தாலும் புறத்தில் இருக்கும் கெட்டியான நார் செயினை விரைவில் மழுங்கடிக்கும், செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் மூடிக்குள் ஈர நார் அடைத்துக்கொள்ளும். இவற்றைவிடச் சென்னை மரங்களுக்கே உரிய ஒரு கேடு உண்டு. டியூஷன், வாடகை வீடு, பூச்சிக்கட்டுப்பாடு என்று விளம்பரத் தகடுகளை அடித்த ஆணிகள், கேபிள் டிவி ஒயரைக் கட்டிய இரும்புக் கம்பி, சிறு கன்றாக இருந்தபோது போட்ட கூண்டின் வளையம் எல்லாம் மரத்தின் சதைக்குள் புதைந்து கிடக்கின்றன. பழைய செயினில் அடுத்தடுத்து இரண்டு பற்களின் முனை உடைந்திருந்தது ஆணியால்தான். தெருமரத்தை அறுப்பவருக்கு உபரிச் செயின் ஆடம்பரச் செலவாகாது.

இரண்டு அளவுகள் இறுதிப் பரிசீலனைக்கு வந்தன. ஒன்று, ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 180 போன்ற சிறு வகை: 31.8 சிசி, பாரும் செயினும் இல்லாமல் ஏறத்தாழ 4 கிலோ. மற்றது எம்.எஸ். 250 போன்ற நடுத்தர வகை: 45.4 சிசி, 2.3 கிலோவாட் திறன், 4.6 கிலோ. ஹஸ்க்வர்னா நிறுவனத்திலும் இவ்விரு அளவுகளுக்கு இணையானவை உண்டு, அவையும் நல்லவையே. எடை வேறுபாடு தாளில் அரை கிலோதான் என்றாலும், நீண்ட பார், பெட்ரோல், எண்ணெய் எல்லாம் சேர்ந்த பிறகு, சேற்றில் நின்றபடி ஒரு மணி நேரம் பிடித்திருப்பவரின் மணிக்கட்டுக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். களைத்த கைதான் பாரின் நுனியை எங்கேயாவது முட்டவிடும்.

அந்த நுனியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாரின் முனையில் மேல் கால்பகுதி எதன் மீதாவது மோதினால், செயின் கடித்த இடத்திலேயே சிக்கி, அதன் வேகம் முழுவதும் பாரை மேல்நோக்கி, அறுப்பவரின் முகத்தையும் தோளையும் நோக்கித் திருப்பி எறியும். சிறு இயந்திரத்தின் செயினே வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மனிதன் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முன்கைப்பிடிக்கு எதிரே இருக்கும் தடுப்பு, கை பட்டதும், பல இயந்திரங்களில் எகிறும் வேகத்தாலேயேகூட, செயின் பிரேக்கைப் போட்டுவிட வேண்டும் என்று அமைத்திருப்பது இதற்காகவே. பார் நீளமாக ஆக, நுனி எங்கே இருக்கிறது என்று அறுப்பவருக்குத் தெரியாமல் போகும் வாய்ப்பும் கூடுகிறது, குறிப்பாக இலையும் மிலாறும் அடர்ந்த விழுந்த கிளைகளுக்குள். பழைய இயந்திரத்தின் 22 அங்குல பார் இந்த வேலைக்கு முற்றிலும் பொருந்தாதது. 14 அங்குல பாரைக் கொண்டே, இருபுறமிருந்தும் அறுத்தால், இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த மரத்தைத் துண்டாக்கிவிடலாம்.

சங்கம் சிறு வகையைத் தேர்ந்தது. பயிற்சி பெற்ற, நிலையான ஓர் ஆள் இருந்திருந்தால் நான் நடுத்தர வகையைத்தான் சொல்லியிருப்பேன். கெட்டியான மரத்தில் அதன் வேகம் கண்கூடு. இங்கே இயந்திரத்தைப் பிடிக்கப்போவது மோட்டார் போடுபவரும் பகல் நேரக் காவலாளியும் என்பதால் மாற்றுக் கருத்துச் சொல்லவில்லை.

பெட்ரோலா, பேட்டரியா

பொருளாளர் பேட்டரி இயந்திரத்தை வலியுறுத்தினார். அவர் சொன்னவற்றில் நியாயம் உண்டு: பெட்ரோல் கலக்கும் தொல்லையே இல்லை, கயிறு இழுக்க வேண்டாம், கார்புரேட்டர் அடைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, ஓசையும் மிகக் குறைவு. பழைய இயந்திரம் செத்ததற்கான காரணங்களில் பெரும்பாலானவை பேட்டரி இயந்திரத்தில் எழவே வழியில்லை. தனி வீட்டில் இருந்துகொண்டு ஆண்டுக்கு இருமுறை முருங்கையையும் மாமரத்தையும் கழிப்பவர் என்னிடம் கேட்டால், தயங்காமல் பேட்டரியையே வாங்கச் சொல்வேன்.

புயல் காலம் வேறு. பாதுகாப்புக்காக மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள். வர்தாவின்போது சில பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. இரண்டு பேட்டரிகள் முழுதாக இருந்தாலும் ஒரு பெரிய இயல்வாகையைத் துண்டு போடும்போதே தீர்ந்துவிடும். அதன்பின் மின்னேற்ற வழியில்லை. இந்தக் குடியிருப்பில் பொது ஜெனரேட்டர் கிடையாது. அடுக்குமாடி வளாகமாக இருந்து லிஃப்ட்டுக்கான ஜெனரேட்டர் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். ஒயர் மாட்டி ஓட்டும் 230 வோல்ட் இயந்திரங்களை யாரும் பரிந்துரைக்கவில்லை. தேங்கிய நீரில் நீட்டிப்பு ஒயரை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பற்றி விவாதிக்கவே வேண்டியதில்லை.

கடையில்

பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருவையும் அதைச் சுற்றிய தெருக்களையும் அறிந்தவர்களுக்கு, அங்கே கிடைக்காத கருவி இல்லை என்பது தெரியும். நாங்கள் அங்கே இயந்திரத்தைக் கேட்பதற்கு முன் பாகங்களைக் கேட்டோம். கார்புரேட்டர் டயஃப்ரம் தொகுதி, எண்ணெய் பம்ப், ஸ்டார்ட்டர் கயிற்றின் சுருள்வில், பெட்ரோல் குழாய், ஏர் ஃபில்டர், பாருக்குப் பொருந்தும் செயின் ஆகியவற்றைச் சொல்லி, இருந்தால் எடுத்துக் கண்ணில் காட்டச் சொன்னோம். சில கடைகளில் 'நாளைக்கு வந்துடும் சார்' என்ற பதில் வந்தது. ஒரு முதிய கடைக்காரர் மட்டும் ஒன்றும் பேசாமல் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். வைத்துவிட்டு, 'மெஷினை யார் வேணும்னாலும் விப்பாங்க சார், டயஃப்ரத்தை யாரு வச்சிருக்காங்கன்னு பாத்துதான் வாங்கணும்' என்றார். விலையை அவரிடம்தான் பேசினோம்.

பெட்டியைப் பிரித்துப் பெட்ரோல் ஊற்றி ஓட்டிக் காட்டச் சம்மதிப்பவரிடமே வாங்குவது என்பது அடுத்த நிபந்தனை. ஓட்டும்போது பார்க்க வேண்டியவை சில. குளிர்ந்த என்ஜின் சில இழுப்புகளுக்குள் பற்ற வேண்டும். முடுக்கியை விட்டதும் செயின் முழுமையாக நிற்க வேண்டும். மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தால் ஐடில் வேகம் கூடுதல், அல்லது கிளட்ச் சரியில்லை. வேகத்தில் ஓடும்போது முன்தடுப்பைத் தள்ளினால் செயின் அக்கணமே நிற்க வேண்டும். பாரின் நுனியை ஒரு பழைய செய்தித்தாளின் மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து முடுக்கினால் தாளில் மெல்லிய எண்ணெய்க் கோடு தெறித்து விழ வேண்டும். பழைய இயந்திரத்தை ஒருமுறையாவது யாராவது இப்படிச் சோதித்திருந்தால் பம்பின் பல்சக்கரம் போனது வெளியே தெரிந்திருக்கும். பின்கைப்பிடியில் உள்ளங்கை அழுத்தும் பூட்டு, செயின் அறுந்தால் பிடிக்கும் கொக்கி, என்ஜினுக்கும் கைப்பிடிக்கும் இடையே அதிர்வு தாங்கும் ரப்பர் அல்லது சுருள்வில் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் பார்த்தாலே போதும்.

செயினை வாங்கும்போது பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), பாரின் பள்ளத்தில் ஓடும் ஓட்டக் கண்ணிகளின் தடிப்பு, அவற்றின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பாரோடும் ஸ்ப்ராக்கெட்டோடும் ஒத்துப்போக வேண்டும். நீளத்தை மட்டும் சொல்லி வாங்கிவந்த செயின் மாட்டாமல் போவது அடிக்கடி நடக்கிறது. பல்லின் வடிவத்திலும் தேர்வு உண்டு. கூர்முனைப் பல் சுத்தமான மரத்தில் வேகமாக அறுக்கும், ஆனால் மண் பட்டால் உடனே மழுங்கும். முனை சற்று உருண்ட அரைக்கூர்ப் பல் வேகத்தில் ஒரு படி குறைவு. மண்ணையும் தூசியையும் தாங்கும். வெள்ளநீரில் கிடந்த கிளைகளின் பட்டையில் மணலும் சேறும் அப்பியிருப்பதால், அரைக்கூர்ப் பல் செயினையே உபரியோடு சேர்த்து வாங்கினோம். அறுக்கும் இடத்தில் அரிவாளால் பட்டையைச் சீவிவிட்டு அறுத்தால் செயினின் கூர்மை இன்னும் நீடிக்கும்.

இரண்டு மழைக்காலங்களுக்குப் பின்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோதும் சென்னையில் மழை கொட்டியது. மறுநாள் ஒரு வாதாம் மரத்தின் கிளையையும் வேலியில் சாய்ந்த முருங்கையையும் அறுக்க இயந்திரத்தை எடுத்தார்கள்; பற்றியது. அடுத்த மழைக்காலத்திலும் பற்றியது. இதில் இயந்திரத்தின் தரத்துக்கு எவ்வளவு பங்கு, பராமரிப்புக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, ஏனென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினோம்.

பராமரிப்பில் செய்த மாற்றம் எளிமையானது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி இரு ஸ்ட்ரோக் எண்ணெய் என்ற கையேட்டின் 1:50 கணக்கில், தேவையான அன்று தேவையான அளவே கலக்கிறார்கள். கலந்த பெட்ரோலுக்குத் தனிக் கேன். அதன் மேல் பெரிய எழுத்தில் 'எண்ணெய் கலந்தது' என்று எழுதி, கலந்த தேதியையும் ஒட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துகிறார்கள். மாதம் ஒருமுறை சில நிமிடம் ஓட்டும் பொறுப்பு மோட்டார் போடுபவருடையது. தண்ணீர்த் தொட்டி கழுவும் பதிவேட்டிலேயே அதையும் குறித்து வைக்கிறார். கடற்காற்றில் செயின் துருப்பிடிக்காமல் இருக்க, கழற்றி எண்ணெயில் ஊறப்போட்டு மூடி வைக்கிறார்கள்.

செயினுக்கு விடும் எண்ணெயில் மட்டும் சிறு சச்சரவு நடந்தது. இருசக்கர வாகன மெக்கானிக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் கழிவு எண்ணெயை ஊற்றினால் போதும் என்பது பரவலான பழக்கம். அதில் உலோகத் துகள் கலந்திருக்கும். ஒட்டும் தன்மை இல்லாததால் செயினின் வேகத்தில் சிதறியும் போகும். பம்பும் பாரின் பள்ளமும் தேய்வதற்கு அதுவே வழி. செயினுக்கான எண்ணெய் கிடைக்காத அவசரத்தில் புதிய என்ஜின் ஆயிலை ஊற்றலாம். கழிவு எண்ணெய் கூடாது என்று எழுதியே ஒட்டியாயிற்று. பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் எண்ணெயையும் நிரப்ப வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

கூர் தீட்டக் கற்றுக்கொடுத்ததுதான் அதிகப் பயன் தந்தது என்பது என் கருத்து. இந்தச் செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம், பல்லின் மேல்விளிம்புக்கு 30 பாகை கோணத்தில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு திமில், பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை வரையறுக்கிறது. பல்லின் உயரத்தைவிட அது 0.65 மி.மீ. அளவு தாழ்ந்திருக்க வேண்டும். வேகமாக அறுக்கட்டும் என்று அதை அதிகம் அராவிவிட்டால் செயின் மரத்தைப் பிடுங்கத் தொடங்கும், எகிறும் அபாயமும் கூடும். தீட்ட வேண்டிய நேரத்தை மரத்தூளே காட்டிவிடுகிறது. கூரான செயின் துருவலாக உதிர்க்கும். மழுங்கியது மாவாகக் கொட்டும். மாவு கொட்டுகிறது என்று தெரிந்தும் இயந்திரத்தை அழுத்தி அறுப்பவர்தான் என்ஜினையும் பாரையும் தம் முதுகையும் ஒருசேரக் கெடுத்துக்கொள்கிறார்.

விழுந்த மரத்தை அறுப்பதற்கே உரிய சில விதிகளை இருவருக்கும் செய்துகாட்ட வேண்டியிருந்தது. வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையில் ஒரு பக்கம் நெருக்கத்திலும் மறு பக்கம் இழுவிசையிலும் இருக்கும். நெருக்கப் பக்கத்தில் முதலில் சிறிது அறுத்துவிட்டு, பிறகு இழுபட்ட பக்கத்தில் அறுத்தால் பார் சிக்காது, கிளையும் தெறிக்காது. வேரோடு சாய்ந்த மரத்தில் அடிமரத்தை வெட்டியதும், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டு திடீரென்று பழைய குழிக்குள் திரும்ப விழலாம். அந்தப் பக்கம் யாரும், குறிப்பாக வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள், நிற்கக் கூடாது. மரத்தோடு மின்கம்பி கிடந்தால் மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டதாக உறுதிசெய்யும் வரை இயந்திரம் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது. ஏணி மேல் நின்றோ தோளுக்கு மேல் தூக்கியோ அறுப்பதற்குத் தடை. உயரக் கிளைகளுக்கு வழக்கம்போலக் கயிறு கட்டி ஏறும் மரமேறிகளையே அழைக்கிறார்கள். நிற்கும் மரத்தை வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதால், கையில் இயந்திரம் இருக்கிறதே என்று வாசல் மரத்தை எடுத்துத் தரச் சொல்லி வந்த கோரிக்கைகளையும் செயலாளர் மறுத்துவிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் மனஸ்தாபமும் சம்பாத்தியம்.

தீராமல் நிற்பது பாதுகாப்பு உடைகளைப் பற்றிய விஷயம். இயந்திரத்தின் ஓசை 100 டெசிபலைத் தாண்டுவதால் காது மூடியும், கண்ணாடியும், தலைக்கவசமும், பூட்ஸும் வாங்கியாயிற்று, அணியவும் செய்கிறார்கள். செயின் பட்டதும் நார்கள் பிரிந்து ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும் கால் கவசம் மட்டும் இன்னும் வாங்கப்படவில்லை. நல்லதன் விலை இயந்திர விலையோடு ஒப்பிடும் அளவுக்கு இருக்கிறது என்பது ஒரு தடை; சென்னைப் புழுக்கத்தில் அதை மாட்டிக்கொண்டு யார் நிற்பது என்பது மற்றொன்று. இரண்டாவது தடைக்கு, காலின் முன்பக்கத்தை மட்டும் மூடிப் பின்னால் பட்டையால் கட்டும் வகை ஓரளவு தீர்வாகும். முதல் தடைக்காக, அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தனியாக ஒரு தொகை கேட்கப் போகிறார்கள். அதுவரை லுங்கியும் ரப்பர் செருப்புமாக வருபவர் கையில் இயந்திரத்தைத் தருவதில்லை என்பதில் செயலாளர் உறுதியாக இருக்கிறார், அறையின் சாவியும் அவரிடமே இருக்கிறது.